கரையும் உள்வாயும்: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார ஏரிகளில் நீர்ப்பறவை நோக்கலும் பொழுதுபோக்கும்

ஆய்வுச் சுருக்கம்

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியில் ஏரிகளையும் அணை நீர்த்தேக்கங்களையும் நாடிச் செல்லும் வழக்கம் பரவிவருகிறது. நடைப்பயிற்சி, படகு, பூங்கா, பறவை நோக்கல், யானை காணல் எனப் பல நோக்கங்கள் ஒரே நீர்நிலையில் வந்து கூடுகின்றன. இந்நீர்நிலைகள் பாசனத்திற்காக மனிதர் அமைத்தவை. ஒருபுறம் உயர்ந்த கரையும் மறுபுறம் ஆழம் குறைந்த உள்வாயும் கொண்ட அவற்றின் அமைப்பே நீர்ப்பறவைகளுக்கு வாழிடம் தந்துள்ளது. ஏரியைச் சுற்றிலும் நடைபாதை அமைத்து, அடிப்பரப்பைச் சீராக ஆழப்படுத்தும் அழகூட்டல் முறை அவ்வாழிடத்தையே முதலில் அழிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. தமிழ்ப் பறவைப் பெயர்கள், ஏரி சார்ந்த சொற்கள், தென்பெண்ணையாற்று மாசு, ஈரநிலம் பற்றிய சட்ட விதிகள் ஆகியன இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: ஏரி, உள்வாய், ஈரநிலம், நீர்ப்பறவை, கெலவரப்பள்ளி, தென்பெண்ணை, பொழுதுபோக்கு, யானை வழித்தடம்

முன்னுரை

தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004ஆம் ஆண்டு பிரிக்கப்பெற்ற கிருஷ்ணகிரி மாவட்டம் கர்நாடகம், ஆந்திரம் என்னும் இரு மாநில எல்லைகளைத் தொட்டுக் கிடக்கிறது. அதன் மேற்கு மூலையில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தில் ஓசூர் அமைந்துள்ளது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானதைத் தொடர்ந்து வண்டி, கைக்கடிகாரம், பொறியியல் உதிரிபாகம் முதலியவற்றைச் செய்யும் ஆலைகள் இங்கு வந்தன. பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. 2019இல் மாநகராட்சியாக உயர்த்தப்பெற்ற இந்நகரில் பல மாநிலத் தொழிலாளர்கள் முறைமாற்றுப் பணியில் வாழ்கின்றனர்.

இத்தகைய நகரில் விடுமுறை நாளைக் கழிக்கத் திறந்தவெளி தேடுவோர்க்குக் கடலும் இல்லை, பெருங்கோடைவாழிடமும் இல்லை. எஞ்சியிருப்பவை நீர்நிலைகளே. நகருக்குள்ளேயே அமைந்த இராமநாயக்கன் ஏரி, தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கெலவரப்பள்ளி அணை, அதே ஆற்றில் கீழே உள்ள கிருஷ்ணகிரி அணை, நெடுங்கல் அணைக்கட்டின் வழி நீர் பெறும் பாரூர்ப் பெரிய ஏரி, மேற்கே தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளின் காட்டோர ஏரிகள் என இவற்றை வரிசைப்படுத்தலாம். கிருஷ்ணகிரி அணையைக் காண வருவோருள் பெரும்பாலோர் பூங்காவிற்கும் பொரித்த மீனுக்கும் வருபவர்களே. பறவைகளை நோக்கும் பொருட்டு வருவோர் மிகச் சிலர். ஆயினும் இவ்விரு சாராரும் பயன்கொள்வது ஒரே நீர்ப்பரப்பு என்பதால் ஒருவர்க்குச் செய்யப்பெறும் வசதி மற்றவர் காண வந்ததை இல்லாமற் செய்துவிடக்கூடும். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரி என்னும் அமைப்பு

ஏரி என்பது இயற்கையாக அமைந்த நீர்க்குழியன்று. சரிந்து செல்லும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் வளைந்த மண்கரை எழுப்பி, மேட்டுப் பக்கத்திலிருந்து வழிந்துவரும் மழைநீரைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு அது. நிலம் குழிந்த இடம் தேர்ந்து நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்தும் புறநானூற்றுப் பாடல் (18) இவ்வமைப்பின் அடிப்படையை நன்கறிந்தே பாடப்பெற்றது. இவ்வமைப்பின் விளைவாக ஏரிக்கு இரண்டு முகங்கள் உண்டாகின்றன. கரையை ஒட்டிய பக்கம் ஆழமானது; மதகும் கலிங்கும் அங்கேயே உள்ளன; அதற்கு அப்பால் ஆயக்கட்டு வயல்கள் தொடங்குகின்றன. எதிர்ப்பக்கம் தெளிவான எல்லையின்றி மெல்லச் சரிந்து மேட்டுநிலத்தோடு கலக்கிறது. இதனை உள்வாய் என்பர். மழைக்காலத்தில் முழங்காலளவு நீரும், பனிக்காலத்தில் சேறும், கோடையில் புல்லும் விளங்கும் பகுதி இது.

ஓசூர் வட்டாரத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மும்மொழிகளும் வழங்குகின்றன. ஏரியைக் கன்னடர் கெரெ என்றும் தெலுங்கர் செருவு என்றும் சொல்வர். பொதுப்பெயர் இவ்வாறு வேறுபட்டாலும், உறுப்புகளின் பெயர்கள் நெருங்கியே உள்ளன. தமிழில் தூம்பு எனப்படுவது கன்னடத்தில் தூபு, தெலுங்கில் தூமு. மிகைநீர் வழிந்தோடும் இடத்தைக் கன்னடர் கோடி என்பர். ஏரி நிரம்பியதை ‘கோடி போயிற்று’ என வட தமிழக உழவரும் கூறுவர். எல்லைக்கோடு வரையப்பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மேட்டுநிலத்தில் ஒரே நீர்த்தொழில்நுட்பம் பரவியிருந்தது என்பதற்கு இச்சொற்கள் போதிய சான்றாகும்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன எனப் பொதுவாகக் கணக்கிடுவர். 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடையவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் ஏனையவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருந்துவருகின்றன. நகர் வளர்ந்து ஆயக்கட்டு வயல்கள் மனைகளாக மாறியபின் இப்பகுப்பு பொருளற்றதாகிறது. நீர் பாய்ச்ச வயல் இல்லாத ஏரிக்கு மதகும் தேவையில்லை. மதகு திறக்கப்பெறாத ஏரியில் நீர்மட்டம் ஏறி இறங்குவதும் இல்லை. பறவைகளைப் பொறுத்தவரை இந்த ஏற்ற இறக்கமே முதன்மையானது. அதனைப் பறவைப் பெயர்களின் வழியே விளக்குதல் எளிது.

பெயர் உணர்த்தும் ஆழம்

தமிழில் வழங்கும் நீர்ப்பறவைப் பெயர்கள் பலவும் நிறத்தைக் காட்டிலும் அலகையும் இரைதேடும் முறையையும் சுட்டுகின்றன. நத்தைக்குத்தி நாரை, மீன்கொத்தி, முக்குளிப்பான், கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், தட்டைவாயன், இலைக்கோழி ஆகிய பெயர்களைக் கேட்ட அளவிலேயே அப்பறவை எங்கே, எதை, எவ்வாறு உண்ணும் என்பது ஓரளவு விளங்கிவிடும். இப்பெயர்களை நீரின் ஆழத்தோடு பொருத்திப் பார்த்தால் ஓர் ஏரியின் குறுக்குவெட்டுப் படமே கிடைக்கும்.

நீர் வற்றி ஈரம் மட்டும் எஞ்சிய சேற்றுப் பரப்பில் உள்ளான்கள் மேய்கின்றன. பொரி உள்ளான் போன்றவை வடக்கே பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வலசை வருபவை. சேற்றுக்குள் அலகு செல்லும் ஆழமே அவற்றின் உலகம். ஆள்காட்டி இங்கேயே தங்கி, சற்று மேட்டில் கற்களுக்கிடையே முட்டையிடும். சேற்றை ஒட்டிய சில விரற்கடை நீரில் பவளக்கால் உள்ளான் நிற்கும். அதன் செந்நிற நெடுங்கால் மற்ற உள்ளான்கள் எட்டாத நீரிலும் நடக்க உதவுகிறது.

கணுக்கால் முதல் முழங்கால் வரையிலான நீரே மிகுதியான பறவைகளைத் தாங்குவது. மடை என்னும் சொல்லை நினைவூட்டும் மடையான் அசையாமல் நின்று இரைக்குக் காத்திருக்கும். வெள்ளை அரிவாள் மூக்கன் வளைந்த அலகால் சேற்றைத் துழாவும். கரண்டிவாயன் தலையை இடமும் வலமும் வீசி நீரை அரித்துச் செல்லும். மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்தபடி நீருள் வைத்துக்கொண்டு, ஒரு காலால் அடிநீரைக் கலக்கும். கலைந்த மீன் அலகில் பட்ட கணமே அது மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதன்று, தொட்டுணர்ந்து பிடிப்பது. ஆகவே கலங்கிய நீரும் அதற்குத் தடையில்லை. நீர் வயிற்றளவுக்கு மேல் ஏறினால் மட்டுமே அதனால் நிற்க இயலாது.

வாத்தினங்களிலும் இப்பாகுபாடு உண்டு. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, புள்ளிமூக்கு வாத்து ஆகியன மூழ்குவதில்லை. தலைகீழாகக் கவிழ்ந்து, வால் மேலே தெரிய, கழுத்து எட்டும் ஆழம் வரை மேய்கின்றன. இரண்டு மீட்டர் ஆழமுள்ள நீர் அவற்றுக்கு ஓய்வெடுக்கும் இடமாகுமேயன்றி உணவிடமாகாது. அல்லியும் பிற மிதக்கும் இலைகளும் உள்ள பரப்பில் நீண்ட விரல்களை ஊன்றி இலைக்கோழி நடக்கிறது. கோரையும் சம்பும் அடர்ந்த ஓரத்தில் நீலத் தாழைக்கோழி கூடமைக்கிறது. நெற்றியில் வெண்ணாமம் இட்டதுபோல் தோன்றும் நாமக்கோழியும் இப்பகுதியை ஒட்டியே திரளும்.

இவற்றுக்கெல்லாம் அப்பால் கரையோர ஆழ்நீரில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கி மீன் பிடிக்கின்றன. கூழைக்கடா நீந்தியபடியே தன் அலகுப்பையால் மீனை வாரி எடுக்கிறது. ஆலாக்கள் மேலிருந்து பாய்கின்றன.

ஆக, மிகுதியான இனங்களுக்கு வேண்டியது நீரின் அளவன்று, ஆழத்தின் படிநிலை. அக்டோபர், நவம்பரில் வலசைப் பறவைகள் வரும்போது ஏரி நிரம்பியிருக்கும். பாசனத்திற்கு மதகு திறக்கத் திறக்க, தை, மாசி மாதங்களில் நீர்விளிம்பு உள்வாயில் நாள்தோறும் பின்வாங்கும். ஒவ்வொரு நாளும் புதிய சேற்றுப்பட்டை ஒன்று வெளிப்படும். ஒவ்வொரு நாளும் முழங்கால் நீர் இடம்பெயரும். உழவர் நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் செய்த நீர் மேலாண்மை, வேண்டுமென்று செய்யாமலே பறவைக்கும் பந்தி விரித்தது. நீர்ப்பறவை நோக்குவோர்க்கு ஏரி நிரம்பி வழியும் காலத்தைவிட வற்றத் தொடங்கும் காலமே உகந்தது என்பதன் காரணமும் இதுவே.

அழகூட்டலால் நேர்வது

நகர்ப்புற ஏரியைச் சீரமைக்கும் பணிகள் இன்று ஏறத்தாழ ஒரே அச்சில் நடைபெறுகின்றன. ஏரியைச் சுற்றிலும் ஒரே உயரத்தில் கரை எழுப்பப்பெறுகிறது. அதன்மேல் கற்பலகை பதித்த நடைபாதை, கைப்பிடிக் கம்பி, விளக்குக் கம்பங்கள். கரைச்சரிவில் கருங்கல் அல்லது கற்காரைப் பதிப்பு. நடுவில் படகு செல்லத்தக்க சீரான ஆழம். வேலை முடிந்த அன்று ஒளிப்படத்தில் இது மிக அழகாகத் தோன்றும். மேற்கூறிய குறுக்குவெட்டை நினைவிற்கொண்டு நோக்கினால், இவ்வேலையில் ஏரி கிண்ணமாக மாற்றப்பட்டிருப்பது புலனாகும். கிண்ணத்திற்கு உள்வாய் இல்லை. உள்ளானும் அரிவாள் மூக்கனும் நிற்க இடமில்லை. எஞ்சுபவை மூழ்கி மீன்பிடிக்கும் நீர்க்காகமும் சில கூழைக்கடாக்களுமே. ‘பறவைகள் வருகின்றனவே’ என்னும் விடை அப்போதும் உண்மையாகவே இருக்கும். எவை வருவதில்லை என்பதை மட்டும் அது மறைத்துவிடும்.

பழைய ஏரியில் மனிதர் நடமாட்டம் பெரும்பாலும் கரையில் இருந்தது. வண்டிப்பாதை, ஐயனார் அல்லது கிராமதேவதைக் கோயில், துணி துவைக்கும் கல், மதகுக் காவல் எல்லாம் அப்பக்கமே. உள்வாயில் மாடு மேய்ப்பவரும், வற்றியபின் வெள்ளரி முதலியன பயிரிடுவோரும் மட்டுமே சென்றனர். சுற்றுநடைபாதை இந்த எழுதப்படாத பாகப்பிரிவினையை நீக்கி, நாள் முழுவதும் மனிதர் சூழ்ந்து நடக்கும் வட்டத்திற்குள் பறவையை நிறுத்துகிறது. ஒரு பக்கத்தில் அச்சமுற்றால் மறுபக்கம் விலகிச் செல்லும் வாய்ப்பு அதற்கு இல்லை. இரவு முழுவதும் எரியும் விளக்கு வக்கா போன்ற இரவில் இரைதேடும் பறவையையும் விரட்டுகிறது. சுற்றுநடைபாதை ஒன்றே எல்லாத் தீங்கிற்கும் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. ஆக்கிரமிப்பைத் தடுக்கக் கரையும் வேலியும் வேண்டும் என்று அலுவலர்கள் கூறுவதிலும் உண்மை உண்டு. ஏனெனில் ஏரியில் முதலில் மனைகளாக மாறுவது வறண்டு கிடக்கும் உள்வாயே. வேலியை உள்வாயின் மேல் எல்லையில் இட்டு, நடைபாதையைப் பழைய கரையோடு நிறுத்தினால் இரண்டும் கைகூடும். அவ்வாறு செய்யத் தடையாக இருப்பது செலவன்று, ‘சுற்றி வரவேண்டும்’ என்னும் நடைப்பயிற்சிப் பழக்கமே எனத் தோன்றுகிறது.

எல்லைக்கு அப்பால் ஒப்பிடத்தக்க சான்று ஒன்றுண்டு. பெங்களூருவின் கைகொண்டரஹள்ளி ஏரி, சுற்றுவட்டார மக்களின் முயற்சியாலும் மாநகராட்சியின் செலவாலும் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீட்கப்பெற்றது. அங்கும் நடைபாதை உண்டு. ஆயினும் மீட்புப் பணியின்போதே மரங்கள் உள்ள தீவும் நாணல் ஓரமும் திட்டமிடப்பெற்றன. அவ்வேரியைப் பற்றிய ஹரிணி நாகேந்திராவின் ஆய்வுகள், மேய்ப்பர், புல்லறுப்போர் போன்ற பழைய பயனாளிகள் இத்தகைய மீட்பில் எவ்வாறு ஒதுங்கிப்போகின்றனர் என்பதையும் கவனப்படுத்துகின்றன. ஓசூரில் ஏரி சீரமைப்பை மதிப்பிடுவோர் இப்பகுதியையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

தமிழ்நாட்டிற்குள் நெருங்கிய ஒப்புமை திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம். அதுவும் தொழில் நகரின் ஓரத்து நீர்நிலை. நல்லாற்றின் வழியே நகரக் கழிவுநீரும் அதற்கு வந்து சேர்வதுண்டு. பறவை ஆர்வலர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து எழுதிவைத்த பட்டியல்களின் துணையோடு அது 2022இல் மாநிலத்தின் 17ஆவது பறவைகள் காப்பகமாகவும், 2024இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்றது. பரப்பு ஏறத்தாழ 126 எக்டேர் மட்டுமே. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ராம்சர் தகுதி பெற்ற நீர்நிலை ஒன்றும் இல்லை.

நுரையும் பறவையும்

கெலவரப்பள்ளி அணையைக் காணச் செல்வோர் சில நாள்களில் மதகுகளுக்குக் கீழே வெண்பனிபோல் நுரை எழுந்து நிற்பதைக் காண்கின்றனர். அதன் முன்நின்று படம் எடுத்துக்கொள்வாரும் உளர். தென்பெண்ணை நந்தி மலைப்பகுதியில் தோன்றி, பெங்களூருவின் கிழக்குப் புறத்தைத் தொட்டு, தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. நகரின் கழிவுநீரில் பெரும்பகுதியை வாங்கும் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் மிகைநீர் இவ்வாற்றிலேயே சேர்கிறது. பெள்ளந்தூர் ஏரி நுரைத்ததும் 2017இல் தீப்பற்றியதும் நாடறிந்த செய்திகள். சலவைப்பொருள்களில் உள்ள, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் வேதிப்பொருள்கள் அமைதியான நீரில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மதகின் வழியே நீர் விசையோடு விழுந்து காற்றோடு கலக்கும்போதே நுரையாகின்றன. எனவே நுரை எழாத நாளில் நீர் தூயது என்று கொள்வது தவறு. இச்சிக்கல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றுள்ளது. 2018இலிருந்து பெங்களூருவின் கழிவுநீரில் ஒரு பகுதி சுத்திகரிக்கப்பெற்று, கோலார் மாவட்ட ஏரிகளுக்கு இறைக்கப்பெறுகிறது என்பதும் இவ்விடத்துக் கருதத்தக்கது. மார்க்கண்டேய நதியின் குறுக்கே யார்கோல் அணை கட்டப்பெற்றது குறித்து இரு மாநிலங்களும் வழக்காடியது நீரின் அளவு பற்றியே. நீரின் தன்மை பற்றிய கேள்வி அத்துணை உரத்துக் கேட்கப்படவில்லை.

நீர்ப்பறவையின் இறகு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நீர் உட்புகாமல் காக்கிறது. சலவைப்பொருள் கலந்த நீர் அந்த நீர்விலக்கும் தன்மையைக் குறைக்கும். இது ஒருபுறம். மறுபுறம், சத்து மிகுந்த கழிவுநீர் சில பறவைகளைப் பெருக்கவும் செய்கிறது. தட்டைவாயன் தன் அலகோரத்துச் சீப்புப் போன்ற அமைப்பால் நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடித்து உண்பது. கழிவுநீரில் அவை பல்கும். உயிர்வளி குறைந்த சேற்றிலும் வாழும் சில பூச்சிகளின் புழுக்கள் பவளக்கால் உள்ளானுக்கு இரை. ஆகவே ஒரே நீர்நிலையில் நூற்றுக்கணக்கான தட்டைவாயன்களையும் உள்ளான்களையும் கண்டு, இங்கு நீர் நலமாக உள்ளது என முடிவுகட்டுதல் பொருந்தாது. இலைக்கோழி இல்லாமை, நத்தைக்குத்தி வராமை, முக்குளிப்பான் குஞ்சு பொரிக்காமை ஆகியவற்றையும் சேர்த்து எண்ணவேண்டும். பறவைகளின் தொகையைக் காட்டிலும் அவற்றின் சேர்க்கையே நீரின் நிலையைத் தெளிவாகச் சொல்லும். தொழிற்பகுதி நீர்நிலைகளில் பறவை நோக்கச் செல்வோர் முதலில் கற்கவேண்டிய பாடமாக இதனையே நான் கருதுகிறேன்.

யானை வரும் ஏரிகள்

ஓசூர் வனக்கோட்டத்தின் ஒரு பகுதி, 2014இல் அறிவிக்கப்பெற்ற 504 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள காவேரி வடக்குக் காட்டுயிர்க் காப்பகத்துள் அடங்கும். 2022இல் காவேரி தெற்குக் காப்பகமும் அதனோடு சேர்ந்தது. கர்நாடகத்தின் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் பனிக்காலத்தை ஒட்டி வருகின்றன. சில கூட்டங்கள் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய சானமாவுக் காடு வரை வந்து தங்குகின்றன. வழியிலுள்ள ஏரிகளில் அவை நீர் அருந்திக் குளிக்கும்.

யானை ஏரியில் இறங்கியதென்னும் செய்தி கைப்பேசியில் பரவிய சிறிது நேரத்தில் கரை முழுதும் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கூச்சல், சீழ்க்கை, பட்டாசு. காடு திரும்பும் வழியெல்லாம் மனிதர் நிற்பதால் யானைகள் இருட்டும் வரை நீரிலேயே நிற்கவேண்டியதாகிறது. மாலையில் மிரண்டு வெளியேறும் கூட்டம் எத்திசையில் செல்லும் என்பதை வனத்துறையினரும் உறுதியாகக் கூற இயலாது. அவ்வழியில் அகப்படுபவர் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தவராக இருப்பதில்லை, வயலிலிருந்து வீடு திரும்பும் உழவராகவோ பணிமுறை முடித்து வரும் தொழிலாளராகவோ இருப்பார். எனவே இப்பகுதியில் யானை காணலைப் பொழுதுபோக்காக வளர்ப்பதற்கு இடமில்லை. தளி முதலிய மேற்குப் பகுதி ஏரிகளுக்குப் பறவை நோக்கச் செல்வோரும் கதிரவன் நன்கு எழுந்தபின் சென்று, பொழுது சாயுமுன் திரும்புதல் வேண்டும்; புறப்படுமுன் ஊராரையோ வனப் பணியாளரையோ கேட்டறிதல் வேண்டும். வைகறையே பறவை நோக்க உகந்த பொழுது என்னும் பொதுவிதி இங்குச் செல்லாது.

சட்டத்தின் பார்வையில் ஏரி

1971இல் உருவான ராம்சர் உடன்படிக்கை, இயற்கையானவை, செயற்கையானவை என்னும் வேறுபாடின்றி எல்லா ஈரநிலங்களையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. இந்தியா 1982இல் அதில் இணைந்தது. ஆயின் நடுவணரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் குடிநீருக்கெனக் கட்டப்பெற்ற நீர்நிலைகளையும், பாசனம், மீன்வளர்ப்பு, உப்பு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கென அமைக்கப்பெற்றவற்றையும் வரையறையிலிருந்து விலக்கின. தென்னிந்திய மேட்டுநிலத்தில் பாசனத்திற்கென அமைக்கப்பெறாத ஏரி எங்கே இருக்கிறது? இவ்விலக்கினால் ஓசூர் வட்டாரத்து ஏரிகள் பெரும்பாலும் விதிகளின் நேரடிக் காப்புக்கு வெளியே நிற்கின்றன. செயற்கைக்கோள் வழி அடையாளங்காணப்பெற்ற 2,01,503 ஈரநிலங்களுக்குக் காப்பு வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது இவ்விடைவெளியை ஓரளவே நிரப்புகிறது.

தமிழ்நாட்டின் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் எல்லையைக் காக்கிறது. எல்லைக்குள் என்ன வாழவேண்டும் என்பது அதன் பொருளன்று. 2017இல் மீண்டும் தொடங்கப்பெற்ற குடிமராமத்துப் பணி தூர் வாரலுக்கு முதன்மை தந்தது. தூர் வாருதல் உழவர்க்குத் தேவையான பணியே. உள்வாயின் சரிவை விட்டுவைத்து, மதகுப் பக்கத்து ஆழ்பகுதியில் மண் எடுத்தால் கொள்ளளவும் கூடும், மேய்நிலமும் பிழைக்கும். எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டாக்கி அதில் கருவேலம் வளர்த்தால் நாரைகளுக்குக் கூடமைக்க மரம் கிடைக்கும். பொறியாளரின் மதிப்பீட்டுப் படிவத்தில் கன அளவுக்கு மட்டுமே இடமிருப்பதால், இவ்வேறுபாடு பெரும்பாலும் மண்தோண்டி ஓட்டுநரின் வசதிக்கு விடப்படுகிறது.

1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடத்தைக் கருதாமல் பறவையைக் காப்பது. காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதுகூட அச்சட்டத்தில் வேட்டையாடுதல் என்பதன் பொருளுள் அடங்கும். ஏரிக்கரையில் ஆள்காட்டியின் முட்டைகளுக்கிடையே விருந்துக் கூடாரம் இடுவோர் இதனை அறிந்திருப்பதில்லை.

நோக்கும் முறையும் பதிவும்

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் நடைபெற்றுவருகிறது. தமிழ்நாட்டு வனத்துறை ஈரநிலப் பறவைகளுக்கென ஒரே நேரக் கணக்கெடுப்பை நடத்துகிறது. 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எவரும் 15 நிமிடப் பட்டியல் ஒன்றை ஈபேர்ட் தளத்தில் இடலாம். கல்லூரி மாணவர் இதில் பங்கேற்பதற்குச் சிறப்பான கருவி எதுவும் வேண்டுவதில்லை. எட்டு மடங்கு பெருக்கும் இருகண் நோக்கி ஒன்று ஐவருக்குப் போதும். கதிரவனை முதுகுக்குப் பின்னே வைத்து, கரையிலேயே நின்று உள்வாயை நோக்குதல் நன்று. உள்வாய்க்குள் இறங்கி ஒரு கூட்டத்தைப் பறக்கச் செய்தால், பார்ப்பவருக்கு நல்ல ஒளிப்படம் கிடைக்கும். வலசைப் பறவைக்கோ திரும்பும் பயணத்திற்கெனச் சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு கரையும். பறக்கும் படக்கருவியை நீர்ப்பரப்பின்மேல் இயக்குவதும், ஒலிப்பெருக்கியில் பறவைக்குரல் இசைப்பதும், ரொட்டி வீசுவதும் தவிர்க்கத்தக்கன.

தமிழியல் ஆய்வாளர்க்கு இங்குத் தனிப்பணி ஒன்று உண்டு. க. ரத்னத்தின் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ நூல் பரந்த தொகுப்புக்கு வழிகாட்டியுள்ளது. மும்மொழி வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் ஏரிக் குத்தகை மீனவரும் மேய்ப்பரும் நத்தைக்குத்திக்கும் நீர்க்காகத்திற்கும் வழங்கும் பெயர்களை ஊர்தோறும் கேட்டெழுதினால், எப்பெயர் எம்மொழியிலிருந்து எங்கு நகர்ந்தது என்பதோடு, எப்பறவை எவ்வூர் ஏரியில் ஒருகாலத்தில் வழக்கமாக இருந்தது என்பதும் தெரியவரும். பெயர் நிலைத்து, பறவை மறைந்த ஊர்கள் இருக்கவே செய்யும்.

பட்டியல் எழுதுவோர் வழக்கமாகக் குறிப்பவை இடம், நாள், நேரம், இனம், எண்ணிக்கை. ஏரிகளைப் பொறுத்தவரை அவற்றோடு இரண்டு செய்திகளைச் சேர்த்தெழுதுதல் வேண்டும்: அன்று மதகின் அளவுக்கல்லில் நீர் எத்தனை அடி நின்றது, பறவைகள் கரைப்பக்கம் இருந்தனவா உள்வாய்ப் பக்கம் இருந்தனவா. இவ்விரு குறிப்புகளும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து சேர்ந்தால், இராமநாயக்கன் ஏரிக்கோ பாரூர் ஏரிக்கோ அடுத்த சீரமைப்புத் திட்டம் வரையப்படும்போது எப்பக்கத்தில் மண்ணைத் தொடக்கூடாது என்பதை நிலப்படத்தின்மேல் கோடிட்டுக் காட்ட இயலும்.